ஓட்மர்ஸ் கேட்டில் ஆறாவது பூட்டு

மானிய விண்ணப்பத்தில், ‘இத்திட்டத்தால் பயன்பெறுவோர் யார்?’ என்று ஒரு கேள்வி இருந்தது. அதற்கு டெல்ஃபினா அர்ரெடோண்டோ, ‘என் அப்பா’ என்று இரண்டே சொல்லில் பதில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

நான் இந்த ஊர்ப் பள்ளிப் பேருந்தை ஓட்டுகிறவள். டெல்ஃபினா இருக்கும் இளைஞர் மன்றத்துக்கும் நான்தான் பொறுப்பு. தகுதி பார்த்து யாரும் என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை. யார் பொறுப்பேற்பது என்று கேட்ட கூட்டத்தில் எல்லாரும் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

“அடியே, இதப் படிக்கப் போறது டல்லாஸ்ல இருக்கிற பெரிய மனுஷங்க. ‘மாவட்டத்தின் கிராமப்புற மக்கள்’னு எழுது. காசு குடுக்கிறவங்களுக்கு அப்பிடி எழுதினாத்தான் பிடிக்கும்.”

“பிடிக்கலேன்னா குடுக்க வேணாம், மிஸ் நெல்டா. எனக்குப் பொய் எழுத வராது.”

“இது பொய்யில்லடி, மரியாதை.”

“அப்ப மரியாதையும் வராதுன்னு வச்சுக்கங்க.”

பதினாறு வயதில் இவ்வளவு வீம்பு ஆகாது என்று நினைத்தேன். ஆனால் அந்தப் பதிலை அப்படியே அனுப்பினேன். அவள் அப்பாவுக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். ஊருக்கே தெரியும்.

அதற்கு முந்தைய வசந்தத்தில் எலிசியோ அர்ரெடோண்டோ தன் வீட்டுக் கொட்டகை வாசலில் பக்கவாதம் வந்து விழுந்தார். வீட்டில் டெல்ஃபினா மட்டும்தான். அவளுடைய அம்மா இறந்து பல வருடம் ஆகிறது. ஆம்புலன்சைக் கூப்பிட்டாள். வண்டி கைபேசி வரைபடத்தைப் பார்த்து வந்தது. அதில் அவர்கள் வீட்டுப் பாதை நேராக, தடையில்லாமல் இருந்தது. நிஜத்தில் அந்தப் பாதை ஹில்டா ஓட்மர்ஸ் என்ற பண்ணைக்கார அம்மாளின் நிலம் வழியாகப் போகிறது, அதன் தொடக்கத்தில் அவருடைய கேட் இருக்கிறது, அதில் சங்கிலி, சங்கிலியில் பூட்டுகள். ஆம்புலன்ஸ்காரர்களிடம் சாவி இல்லை. வீட்டிலிருந்து கேட்டுக்கு இரண்டு மைல். டெல்ஃபினாவிடம் சாவி இருந்தது, வண்டியும் ஓட்டத் தெரியும். ஆனால், ‘அவரை விட்டு நகராதே, மூச்சடைக்காமல் தலையைப் பிடித்துக்கொள், இதோ வந்துவிடுவார்கள்’ என்று தொலைபேசியில் சொல்லியிருந்தார்கள். அவளும் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். தூரத்தில் சைரன் கேட்டது. கேட்டுக்கொண்டே இருந்தது, கிட்டே வரவில்லை. டவுனிலிருந்த ஹில்டாவைத் தேடிப் பிடித்து அவர் வந்து திறப்பதற்குள் எலிசியோவின் வலது கை போய்விட்டது. வலது காலும் பாதி போய்விட்டது.

அதனால்தான் அவள் விண்ணப்பம் எழுதினாள். எங்கள் மாவட்டத்தில் பூட்டிய கேட் ஒவ்வொன்றையும் வரைபடத்தில் ஏற்றுவது. புள்ளியைத் தொட்டால் கேட்டின் படம் வரவேண்டும். உள்ளே எந்த வீடு, எவ்வளவு கனமான வண்டி போகலாம், எங்கே திருப்பலாம் எல்லாம் தெரியவேண்டும். தவிர, ஒவ்வொரு சங்கிலியிலும் தீயணைப்புப் படைக்கென்று ஒரு சிவப்புப் பூட்டு. எல்லாச் சிவப்புப் பூட்டுக்கும் ஒரே சாவி. அந்தச் சாவி தீயணைப்பு வண்டியிலும் ஆம்புலன்சிலும் இருக்கும். யாரையும் தேடி ஓட வேண்டாம்.

டல்லாஸ்காரர்களுக்கு ‘என் அப்பா’ என்ற பதில் பிடித்திருக்கிறது. மானியம் வந்தது. கையடக்க ஜிபிஎஸ் கருவிகள், வரைபட மென்பொருள், ஒரு பெட்டி நிறையச் சிவப்புப் பூட்டுகள். என்னைவிட அவளுக்கு உலகம் தெரிந்திருக்கிறது என்று ஒப்புக்கொண்டேன், மனசுக்குள்தான்.

குளிர்காலம் முழுக்கப் பிள்ளைகள் அலைந்தார்கள். எந்தப் பண்ணைக்காரரும் முதல் தடவையில் சரி என்று சொல்லவில்லை. எங்கள் ஊரில் ஒருவரிடம் அவர் மனைவியின் வயதைக்கூடக் கேட்டுவிடலாம், கேட் சாவியைப் பற்றிக் கேட்கக்கூடாது. டெல்ஃபினா கேட்டாள். நாய் குரைத்தால் வண்டிக்குள் உட்கார்ந்து கேட்டாள். கதவைச் சாத்தினால் மறுவாரம் போய்க் கேட்டாள். கோடை தொடங்கும்போது வரைபடம் அம்மை போட்டது மாதிரி சிவப்புப் புள்ளியாக இருந்தது.

ஓட்மர்ஸ் கேட்டில்தான் கடைசிப் பூட்டு. அங்கே ஏற்கெனவே ஐந்து. ஹில்டாவுடையது, மின்சாரக்காரர்களுடையது, மான் வேட்டைக்காரர்களுடையது, எரிவாயு நிறுவனத்தாருடையது, அர்ரெடோண்டோ வீட்டுடையது. ஒன்றின் வளையத்துக்குள் ஒன்று கோத்து வரிசையாகத் தொங்கும். அதில் யார் தன் பூட்டைத் திறந்தாலும் சங்கிலி பிரிந்துவிடும். போகும்போது தன் பூட்டை, இருந்த அதே இரண்டு பூட்டுகளுக்கு நடுவில் மறுபடி கோத்துவிட்டுப் போகவேண்டும். பக்கத்துப் பூட்டைத் தாண்டி அதற்கடுத்ததில் மாட்டினால் நடுவில் இருப்பது சும்மா தொங்கும். அதன் சொந்தக்காரர் திறந்தாலும் கேட் திறக்காது. எங்கள் ஊரில் குழந்தைக்குப் பல் விளக்கக் கற்றுக்கொடுக்கும் வயதில் இதையும் கற்றுக்கொடுத்துவிடுவோம்.

கடைசிப் பூட்டு மாட்டுவதைப் படம் எடுக்க டல்லாஸிலிருந்து ஒரு அம்மாள் வந்தார். நல்ல மனுஷி. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எங்கள் மண்ணுக்கு வந்த தைரியத்துக்கே ஒரு பரிசு கொடுக்கலாம்.

“சிவப்புப் பூட்டு ஓரமா இருக்கே, நடுவில வந்தா நல்லா தெரியும். முகத்த இந்தப் பக்கம் திருப்பு, கண்ணு. சிரி. இன்னொரு தடவை மாட்டு. இன்னொரு தடவை.”

டெல்ஃபினா மாட்டினாள், கழற்றினாள், மாட்டினாள். கடைசித் தடவை கேமராவைப் பார்த்துச் சிரித்தபடியே மாட்டினாள். கிளிக் என்று பூட்டும் சத்தம் கேட்டது, கேமராச் சத்தமும் கேட்டது. எல்லாரும் கைதட்டினோம். நானும்தான்.

அன்று மத்தியானம் ஹில்டா ஓட்மர்ஸ் சந்தையிலிருந்து இழுவண்டி நிறைய ஆடுகளோடு திரும்பி வந்தார். ஜூலை வெயில். தன் பூட்டைத் திறந்தார். கேட் அசையவில்லை. அந்த இடத்தில் தொலைபேசி எடுக்காது. இழுவண்டியைத் திருப்பவும் இடம் போதாது. அதைக் கழற்றிவிட்டு, வண்டியை மட்டும் டவுனுக்கு ஓட்டிப்போய், பூட்டு வெட்டும் கத்திரி வாங்கிக்கொண்டு வருவதற்குள் இரண்டு பெட்டை ஆடுகள் சூட்டில் செத்துக் கிடந்தன. இரண்டும் சினை.

மறுநாள் தீயணைப்பு நிலையத்தில் எங்கள் கூட்டம். ஹில்டா உள்ளே வந்து, வெட்டுப்பட்ட சிவப்புப் பூட்டை மேஜைமேல் வைத்தார். ஓங்கி எறிந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் வைத்தார்.

“எந்தப் புத்திசாலி மாட்டினது இத?”

யாரும் சொல்வதற்குள் டெல்ஃபினா எழுந்து நின்றாள். “நான்தாங்க மேடம்.”

“நீயா? ஒரு நாளைக்கு ரெண்டு தடவை அந்தக் கேட்டத் திறந்து மூடுறவ நீ!”

“ஆமாங்க மேடம்.”

“என் கேட்டுல, என் நெலத்துல, என்னையே வெளிய நிறுத்திட்டியேடி!”

“ஆமாங்க மேடம். தப்பு என்னோடதுதான்.”

ஹில்டா சண்டை போடும் தெம்போடு வந்தவர். எதிரில் ஒருத்தி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு நின்றால் எப்படிச் சண்டை போடுவது? போய்விட்டார்.

அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் வியாழக்கிழமை ஊர்ப் பத்திரிகை வந்தது. முதல் பக்கத்தில் பெரிய வண்ணப் படம். டெல்ஃபினா சிரிக்கிறாள், கையில் பளபளவென்று சிவப்புப் பூட்டு. டல்லாஸில் இருப்பவர்களுக்கு அது ஓர் அழகான படம். எங்கள் ஊர்ப் பண்ணைக்காரர்கள் அவள் முகத்தையா பார்ப்பார்கள்? சங்கிலியைப் பார்த்தார்கள். ஹில்டாவின் பித்தளைப் பூட்டு அநாதையாகத் தொங்குவது பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. தீவனக் கடையில் அந்தப் பக்கத்தை வெட்டிக் கல்லாவுக்கு மேலே ஒட்டிவைத்தார்கள். காபிக்கு வந்தவனெல்லாம் விரலால் தொட்டுக் காட்டிச் சிரித்தான்.

அப்புறம் தொலைபேசி அடிக்க ஆரம்பித்தது. ‘எங்க கேட்டுல இருக்கிற செவப்பக் கழட்டிட்டுப் போங்க.’ ‘பிள்ளைங்க விளையாட்டுக்கெல்லாம் என் கேட் கெடையாது.’ வரைபடத்தில் புள்ளிகள் ஒவ்வொன்றாகச் சாம்பல் நிறமாயின. டெல்ஃபினாவே உட்கார்ந்து மாற்றினாள்.

தீயணைப்புத் தலைவர் டுவெயின் நல்ல மனிதர், ஆனால் பேச்சில் சர்க்கரை கிடையாது. “கண்ணு, பாதி கேட் தொறக்கும் பாதி தொறக்காதுன்னா, அந்த வரைபடம் இல்லாம இருக்கிறதே மேல். அத நம்பி நான் ஆளுங்கள அனுப்ப முடியாது.”

“ஓட்மர்ஸ் கேட் தொறந்தா?”

“அந்தம்மா தொறந்தா மத்தவங்க தானா வருவாங்க. ஆனா அந்தம்மா தொறக்க மாட்டாங்க.”

“அது என் பாடு, சார்.”

முதல் தடவை போனபோது ஹில்டா கதவையே திறக்கவில்லை. இரண்டாம் தடவை கம்பிவலைக்கு உள்ளே நின்று, “போயிடு” என்றார். மூன்றாம் தடவை, பள்ளிக்கூடம் திறந்த வாரம், என் பேருந்திலேயே போனோம். நான் வண்டியிலேயே இருப்பதாகத்தான் ஏற்பாடு. ஆனால் எனக்கும் காது இருக்கிறதே, இறங்கிப் பின்னாலேயே போனேன்.

“செத்த ஆட்டுக்கு என்ன வெலைன்னு சொல்லுங்க, மேடம். பள்ளிக்கூடம் விட்டதும் வந்து உங்ககிட்ட வேலை பார்த்துக் கழிக்கிறேன்.”

“எனக்கு உன் வேலையும் வேணாம், காசும் வேணாம்.”

“அப்ப பூட்டு?”

“அதுவும் வேணாம்.”

டெல்ஃபினா அசையவில்லை. “நீங்க அன்னைக்கு வெயில்ல ஆடுங்களோட கேட்டுக்கு வெளிய நின்னீங்க. தப்பு என்னோடது. அதே கேட்டுக்கு உள்ள நான் எங்கப்பா தலையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அது யாரு தப்பும் இல்ல. ஆனா இனிமே நடந்தா, அது நம்ம ரெண்டு பேரு தப்புதான்.”

ஹில்டா ஓட்மர்ஸிடம் அப்படி யாரும் பேசி நான் கேட்டதில்லை.

ஹில்டா முகத்தைத் திருப்பிக்கொண்டார். “அன்னைக்கு நான் எங்க இருந்தேன் தெரியுமா? பியூட்டி பார்லர்ல. தலை முழுக்கச் சாயம். ஃபோன் வந்ததும் அப்பிடியே ஓடியாந்தேன். சாயம் கண்ணுல வழியுது, சாவி எதுன்னு தெரியல, அந்த ஆம்புலன்ஸ் பையன் என்னையே பார்த்துக்கிட்டு நிக்கிறான். தலைக்குச் சாயம் போடப் போனேன்டி நான். உங்கப்பன் அங்க கெடந்தான்.” அவருடைய தலைமுடி அப்போது சுத்தமாக வெள்ளை. அதற்கப்புறம் அவர் சாயமே போடவில்லை என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. வயசாகிவிட்டது, விட்டுவிட்டார் என்று நானும் வம்பு பேசியவள்தான்.

கடைசியில் சொன்னார்: “ஞாயித்துக்கெழம சர்ச் முடிஞ்சதும் அந்தச் சங்கிலில பூட்டு வச்சிருக்கிற ஒவ்வொருத்தனும் வரணும். என் கண்ணு முன்னால தொறந்து மூடிக் காட்டணும். ஒருத்தன் தப்பாப் போட்டாலும் செவப்புப் பூட்டு கெடையாது.”

எல்லாரையும் கூட்டிவந்தது டெல்ஃபினாதான். மின்சாரக்காரர், எரிவாயுக்காரர், ஹூஸ்டனிலிருந்து விடிய விடிய வண்டி ஓட்டிவந்த வேட்டைக்காரர், டுவெயினும் அவருடைய ஆட்களும். ஹில்டா நாற்காலி போட்டு நடுவில் உட்கார்ந்துகொண்டார். ஒவ்வொருவராக வந்து திறந்தார்கள், மூடினார்கள். மின்சாரக்காரருக்கு வியர்த்தது. அவர் மாட்டிய பிறகு ஹில்டா எழுந்து வந்து ஒவ்வொரு வளையமாகத் தடவிப் பார்த்தார். டெல்ஃபினா புதுச் சிவப்புப் பூட்டைத் திறந்து மூடினாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

“சரி. அர்ரெடோண்டோ பூட்டு பாக்கி” என்றார் ஹில்டா.

டெல்ஃபினா சாவியை எடுத்தாள்.

“நீ ஒண்ணு காட்டியாச்சு. பூட்டு உங்கப்பன் பேர்ல இருக்கு, அவன் வரட்டும்.”

எலிசியோ இடது கையால் ஓட்டிவந்த தன் பிக்கப் வண்டியில் உட்கார்ந்திருந்தார். இறங்கி, காலை இழுத்துக்கொண்டு வந்தார். இடது கையில் சாவி. பூட்டைப் பிடிக்க இன்னொரு கை இல்லை. சாவியை நுழைத்தார், பூட்டு சுழன்றது. மறுபடி நுழைத்தார், மறுபடி சுழன்றது. தொடையால் சங்கிலியைக் கேட்டோடு சேர்த்து அழுத்திப் பார்த்தார். பல்லால் பூட்டைக் கவ்வக் குனிந்தவர், இத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று நிமிர்ந்துகொண்டார். சாவி மண்ணில் விழுந்தது.

“விடுங்க, எனக்கு வெளிய என்ன வேலை?” என்று சிரித்தார். கோணலான சிரிப்பு. பக்கவாதத்துக்குப் பிறகு அவருக்கு வருவது அந்தச் சிரிப்பு ஒன்றுதான்.

“அப்பா, நான் ஸ்கூல் போனப்புறம் நீங்க எங்கயும் போறதே இல்லையா?”

“போவேன்மா. இந்தக் கேட் வரைக்கும் வருவேன். யாராச்சும் வந்தா தொறக்கச் சொல்லலாம்னு பார்ப்பேன். வரலேன்னா திரும்பிடுவேன்.”

“வெளிய போக உங்களுக்குப் பிடிக்கலேன்னு நெனச்சேன்.”

“உனக்கு இருக்கிற வேலையில இத வேற சொல்லணுமா?”

டெல்ஃபினாவின் முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது. அவளுடைய வரைபடத்தில் அந்தக் கேட்டைப் பற்றி இல்லாத விவரமே இல்லை. எல்லாமே உள்ளே போவதைப் பற்றித்தான்.

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கருவியை எடுத்து, அந்தப் புள்ளியைத் தொட்டு, கேள்விகளின் கடைசியில் புதிதாக ஒன்று தட்டினாள்: ‘உள்ளே இருப்பவர் தானாகத் திறந்து வெளியே வர முடியுமா?’ அதற்கு ‘முடியாது’ என்று பதில் போட்டாள். பிறகு என்னிடம் திரும்பினாள்.

“மிஸ் நெல்டா, எல்லாக் கேட்டுக்கும் மறுபடி போகணும்.”

“எல்லாத்துக்குமா? அடியே, பாதிப் பேரு இப்பத்தான் நம்மள வெரட்டி விட்டாங்க!”

“அப்ப வழி தெரியும்ல.”

ஹில்டா நாற்காலியை மடக்கினார். “செவப்பு இருக்கட்டும்” என்று டுவெயினிடம் சொன்னார். “இவன் பூட்டு ஆடாம நிக்கிற மாதிரி தூண்ல எதாவது பத்த வைக்கணும். வெல்டிங் தெரிஞ்ச பையன் உங்க மன்றத்துல ஒருத்தனாவது உண்டா, இல்ல எல்லாம் ஃபோட்டோவுக்குச் சிரிக்கிற கூட்டந்தானா?”

இருந்தான், வேட் என்ற பையன். மறுநாளே வெல்டிங் கருவியோடு வந்தான். பூட்டு அசையாமல் உட்கார ஓர் இரும்புத் தொட்டிலைத் தூணில் பற்றவைத்தான். எலிசியோவின் பூட்டைக் கடைசிக்கு மாற்றி அதில் உட்காரவைத்தார்கள். இப்போது ஒரு கை போதும்.

நாங்கள் மறுபடி அலைந்தோம். புதுக் கேள்விக்கு யாரும் நாயை அவிழ்த்துவிடவில்லை. சிலர் யோசித்தார்கள். ஒருவர் வீட்டுக்குள் திரும்பித் தன் மனைவியைப் பார்த்துவிட்டு, ‘அவளுக்கு விரல் மடங்காது, இத்தன வருஷமா நான்தான் தொறப்பேன்’ என்றார், இப்போதுதான் அதைக் கவனித்தவர்போல. தொட்டில்கள் செய்து வேட்டுக்கு அலுத்துவிட்டது. சாம்பல் புள்ளிகள் திரும்பச் சிவப்பாயின, இரண்டு பேரைத் தவிர. அவர்கள் கடைசிவரை மசியவில்லை.

இலையுதிர்காலத்தில் டுவெயின் ஒத்திகை வைத்தார். வரைபடத்துக்கு ஒப்புதல் கையெழுத்துப் போடும் முன் ஒரு தடவை நிஜமாக ஓட்டிப் பார்க்கவேண்டும் என்றார். வீடு, அர்ரெடோண்டோ வீடு. எலிசியோதான் நோயாளி. சோபாவில் படுத்திருக்கவேண்டும், முனகினால் இன்னும் நல்லது. ஆம்புலன்சில் புதுப் பையன், அந்தப் பக்கம் வந்தே இராதவன். டெல்ஃபினாவும் நானும் டுவெயினின் வண்டியில் பின்னால் போனோம்.

சைரன் போட்டார்கள். ஆம்புலன்ஸ் கேட்டில் நின்றது. பையன் குதித்து இறங்கினான், சிவப்பைத் திறந்தான், கேட்டைத் தள்ளினான், அவ்வளவுதான். சைரன் நிற்காமல் உள்ளே போனது. டெல்ஃபினா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். நான் வெளியே எதையோ பார்ப்பது மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நாங்கள் வீட்டு வாசலுக்குப் போய்ச் சேரும்போது ஆம்புலன்ஸ் பையன் தூக்குப் படுக்கையோடு விழித்துக்கொண்டு நின்றான்.

“உள்ள யாரும் இல்லீங்க.”

டெல்ஃபினாவின் முகம் செத்துப்போயிற்று. இறங்கி நேராகக் கொட்டகை வாசலுக்கு ஓடினாள். முன்பு அவர் விழுந்து கிடந்த இடம். அங்கே யாரும் இல்லை. கொட்டகையைச் சுற்றி ஓடினாள். “அப்பா! அப்பா!” பிறகு சட்டென்று நின்றாள். பிக்கப் வண்டி நிற்கும் இடத்தில் காய்ந்த புல் மட்டும் இருந்தது.

“சங்கிலி சரியாத்தானே இருந்துச்சு?” என்று பையனைக் கேட்டாள்.

“எல்லாம் வரிசையா இருந்துச்சுங்க. நல்லாப் பூட்டியிருந்துச்சு.”

ஒற்றைக் கையால் திறந்து, வண்டியை வெளியே எடுத்து, இறங்கி, மறுபடி ஒற்றைக் கையால் தன் பூட்டை வரிசை தப்பாமல் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார் மனிதர். ஒத்திகையாவது மண்ணாவது.

டுவெயினின் வாக்கி-டாக்கியில் நிலையத்திலிருந்து ஒரு குரல் கரகரத்தது. “நோயாளி கெடைச்சாச்சா? நிலைமை என்ன?”

டுவெயின் வாயைத் திறந்தார். டெல்ஃபினா அவர் கையிலிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டாள். கண்ணீர் கழுத்துவரை ஓடியது. துடைத்துக்கொள்ளவில்லை.

“எங்கப்பா வீட்ல இல்ல” என்றாள்.

“என்ன? திரும்பச் சொல்லுங்க.”

“எங்கப்பா வீட்ல இல்லீங்க,” என்று கத்தினாள். “வெளிய போயிருக்காரு!”